விடிகாலையில் கத்தும் மடிக்கணினி

மடிக்கணினி ரிப்பேர் பார்ப்பவர்களுக்குக் கண் கெடும், முதுகு கெடும் என்பார்கள்; எனக்கு முதலில் கெட்டது காது. கொல்கத்தா கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஸ்வபன்தாவும், அதாவது ஸ்வபன் அண்ணனும், நானும் கூட்டாக நடத்தும் கடை எங்களுடையது. கீழே பேரம், வெளியே ஆட்டோ ஹார்ன், இவற்றுக்கு நடுவே ஏதாவது ஒரு மெஷின் பீப் என்றால் எனக்கு மட்டும் கேட்டுவிடும். உங்கள் வீட்டுக் கணினியும் என்றைக்காவது திரையைக் காட்டாமல் வெறுமனே கத்தியிருக்கும். நீங்களும் அதைத் தட்டியிருப்பீர்கள், திட்டியிருப்பீர்கள், கடைசியில் எங்களைப் போன்ற யாரிடமாவது தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள். எனவே நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

கத்திக் காட்டுங்கள்

கணினியைப் போட்டதும் அது தன் உடம்பைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்ளும். எங்காவது வலித்தால் திரை வருவதற்கு முன்பே கத்தும். நீளமாக ஒன்று என்றால் ஒரு வலி, குட்டையாக மூன்று என்றால் வேறு வலி. அதனால் ஃபோனில் யார் புகார் சொன்னாலும் எங்கள் முதல் கேள்வி, "எப்படிக் கத்துகிறது? நீளமா, குட்டையா, எத்தனை?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொன்ன மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. "ரொம்ப", "விட்டு விட்டு", "மனசு கஷ்டப்படற மாதிரி" என்றெல்லாம் சொல்வார்கள்.

சால்ட் லேக்கிலிருந்து தத்தாபாபு என்று ஒருவர். மெமரி மாற்றிய பிறகு கத்துகிறதாம். எண்ணிச் சொல்லுங்கள் என்றேன். "நான் கத்தறேன், நீங்க எண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஃபோனிலேயே ஆரம்பித்துவிட்டார். "பிக்! பிக்! பீ...க்!" நீளம் போதவில்லை என்று அவருக்கே தோன்றியது போலும், மூச்சை இழுத்து மறுபடி கத்தினார். பின்னால் நாய் குரைத்தது. நான் மரியாதையாக எண்ணிக்கொண்டிருந்தபோது யாரோ ஃபோனைப் பிடுங்கும் சத்தம், அப்புறம் அவர் மனைவியின் குரல்: "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா, இவர் கெட்டுப்போனாரான்னு பார்க்க யாரையாவது அனுப்புங்கம்மா. ரெண்டையும் பார்க்கிற ஆளா இருந்தா ரொம்ப நல்லது."

கடைக்கு வந்தால் எல்லாம் சமர்த்து

கத்துகிற மெஷினைக்கூட சமாளித்துவிடலாம். வீட்டில் கத்திவிட்டுக் கடையில் வாயைத் திறக்காத மெஷின்தான் எங்களைப் போன்றவர்களைக் கொல்லும். மௌமிதாவின் மடிக்கணினி அந்த ஜாதி. மௌமிதா செக்டர் ஃபைவில் ஐ.டி. வேலை பார்க்கும் வங்காளிப் பெண், லேக் கார்டன்ஸில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மருமகள். கீபோர்டில் தேநீர் கொட்டிவிட்டது என்று வந்தாள். நாங்கள்தான் புதுக் கீபோர்டு மாற்றிக் கொடுத்தோம். கொஞ்ச நாளில் திரும்பி வந்தாள். போட்டதும் மூன்று பீப், அப்புறம் எதுவும் நடக்காதது போல ஓடுகிறது என்றாள். எங்கள் கடையில் போட்டால் ஒரு முனகல்கூட இல்லை. சமர்த்தாக ஓடியது.

ஸ்வபன்தா மெமரியைக் கழற்றி மாட்டினார். உள்ளே இருக்கும் காசு சைஸ் பேட்டரியை மாற்றினார். கீபோர்டின் நாடாவைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். எல்லாம் முடிந்து பொத்தான்கள் மேல் விரலை ஓட்டியவர் நின்றுவிட்டார். பிசுபிசு என்று ஒட்டியது. "சாப்பிட்டுக்கொண்டே வேலை பார்ப்பாயோ?" என்று கேட்டார். மௌமிதா முகம் சிவந்து, ஆமாம் என்பது போலத் தலையாட்டினாள். கடையில் கத்தாத மெஷினை எப்படிச் சரிசெய்வது? கொடுத்து அனுப்பிவிட்டோம். அவள் படியிறங்கியதும் ஸ்வபன்தா என்னிடம் வங்காளியில் சொன்னது இதுதான்: "செல்வி, எழுதி வைத்துக்கொள். ரசகுல்லா பாகு. கீபோர்டுக்கே சர்க்கரை வியாதி."

ஸ்க்ரூ டிரைவருக்குப் பொட்டு

எங்கள் கடையில் ஆயுதங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு லீவு. விஸ்வகர்மா பூஜையன்று ஸ்வபன்தா எதையும் தொடமாட்டார். நவமியன்று நான் தொடமாட்டேன். கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அப்பா ஸ்பேனருக்குச் சந்தனம் வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். விஸ்வகர்மா பூஜையன்று காலையில் மல்டிமீட்டர் முதல் சால்டரிங் அயர்ன் வரை எல்லாவற்றுக்கும் சிந்தூரப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஸ்வபன்தா கைகட்டி உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பார்த்து மௌமிதா மெஷினோடு வந்து நின்றாள். மறுபடியும் வீட்டில் மூன்று பீப். இப்போதே நிறுத்தியாக வேண்டுமாம். ஸ்வபன்தா மாலை போட்ட ஸ்க்ரூ டிரைவரைக் காட்டி, சாமியிடம் கேட்டுக்கொள் என்றார்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல். "மூணு தடவை பீப் அடிச்சுட்டு ஒழுங்கா ஓடுதில்ல? அதுக்கு என்னம்மா இவ்வளவு பதட்டம்? வேணும்னா ஸ்பீக்கர் வயரைக் கத்தரிச்சு விடறோம்" என்று வங்காளியில் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே பிடிக்கவில்லை. கத்துகிறவன் வாயைக் கட்டுவதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. மௌமிதா ஸ்வபன்தாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் குனிந்து, அக்கா என்பதை மட்டும் வங்காளியில் விட்டுவிட்டு, மெதுவாக, தமிழில், ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்: "செல்விதி, நான் விடியற்காலையில் தமிழ் பயில்கிறேன். இவ்வொலி கேட்டு மாமியார் விழித்துக்கொள்வார்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். இணையத்தில் கிடைத்த பாடங்களிலிருந்து கற்றதாம். பாடம் நடத்தியவர் யாரோ வீட்டில்கூட இலக்கணமாகவே பேசுகிறவர் போலிருக்கிறது. இதை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும் என்று கேட்டேன். வீட்டில் அவளோடு எல்லோரும் நன்றாக வங்காளி பேசுவார்கள். ஆனால் பூஜைக்கு ஜாம்ஷெட்பூரிலிருந்து நாத்தனார் ரஞ்ஜனி வந்துவிட்டால் வீடு தமிழுக்கு மாறிவிடும். ஐந்து நிமிடம் எல்லோரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பிறகு இவள் நினைவு வந்து, யாராவது ஒருவர் திரும்பி "கிச்சு நா" என்பார்கள். ஒன்றுமில்லை, சும்மா. கல்யாணமான நாளிலிருந்து இவளுக்குக் கிடைத்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். இந்த நவமிக்கு அவர்கள் சிரிக்கும்போதே தானும் சிரிக்க வேண்டும், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில். கணவன் கார்த்திக்கிடம்கூடச் சொல்லவில்லை. அவன் வாயில் எதுவும் தங்காது. நவமிக்குள் மாமியாருக்குத் தெரிந்துவிட்டால் எல்லாம் பாழ். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. இதைப் புரிந்துகொள்ளாமல், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஸ்வபன்தா கேட்டார்: "இரண்டு பேரும் தமிழில் என்ன சதி பேசுகிறீர்கள்? விஸ்வகர்மாவுக்கே புரியவில்லை, பார், முழிக்கிறார்."

மாமியின் துணிப்பை

மௌமிதா என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றைத் தவிர. டாக்டரிடம் போகிற எல்லோரும் அப்படித்தான், வலியைச் சொல்வார்கள், முந்தின நாள் தின்றதைச் சொல்லமாட்டார்கள். மறுநாள் மெஷினை முழுக்கப் பிரித்துப் பார்த்தும் ஒரு குறையும் தெரியவில்லை. திரும்பிப் போனது, திரும்பவும் கத்தியது. நவமி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ராத்தூக்கத்தில் பீப் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மஹாளயா முடிந்த மறுநாள் விசாலம் மாமி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். மௌமிதாவின் மாமியார். பெரிய துணிப்பையிலிருந்து மருமகளின் மடிக்கணினியை எடுத்து மேஜையில் வைத்தார்.

"மௌ ஆபீசுக்குப் போயிருக்கா. நவமிக்குப் புஸ்தகத்தோட வெக்கணுமே, துடைக்கிறேன்னு எடுத்துண்டு வந்துட்டேன்" என்றார். "இதுல காலம்பற ஒரு சத்தம் வரதோன்னோ?"

"அது... பார்த்துக்கிட்டு இருக்கோம் மாமி. சரியாயிடும்."

"ஆயிடப்படாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

நான் மெஷினைத் திறந்து போட்டேன். பீப், பீப், பீப். எங்கள் கடையில் முதல் தடவையாக! ஸ்வபன்தா நாற்காலியோடு திரும்பினார். கீபோர்டைப் பார்த்தேன். ஒவ்வொரு பொத்தான் மேலும் ஒரு குட்டிக் காகிதம், அதில் பேனாவால் எழுதிய தமிழ் எழுத்து, அதன் மேல் ஒளிபுகும் டேப். அ, இ, உ, க, ப, ம. எங்களிடம் கொண்டுவருமுன் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் உரித்துவிட்டு வந்திருக்கிறாள்! தன் குழந்தைக் கையெழுத்தை ஒரு தமிழச்சி பார்க்கக் கூச்சம். பாகு என்று ஸ்வபன்தா சத்தியம் செய்தது டேப்பின் பசை. இன்று மாமி சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிவந்ததால் உரிக்க வழியில்லை. வலது ஓரத்தில் ஷிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ழ இருந்தது. அந்தச் சுழியை எழுத அவளுக்கு இடம் போதவில்லை. காகிதம் பெரிதாகிப் பொத்தானுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூடி வைத்தால் டேப்பின் விளிம்பு ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். போட்டதும் கணினி, யாரோ பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள் என்று கத்தும். நாலு எழுத்து அடித்ததும் விளிம்பு விலகிக்கொள்ளும். தமிழ் பேசுகிற எல்லோருக்கும் தகராறு கொடுக்கிற எழுத்து, கணினிக்கும் கொடுத்திருக்கிறது.

மாமி எழுத்துகளைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. "எனக்குத் தெரியும்டீ. ஒரு நாள் கதவுக்கு வெளியில நின்னேன். உள்ளே அணில், ஆடு, இலைன்னு சொல்லிண்டிருந்தா. ரஞ்ஜனி வரப்போ அசத்தணும்னு நினைச்சிருக்கா, பாவம். நான் மூச்சு விடலை. அன்னிலேர்ந்து ஆத்துல அவ காதுல விழற மாதிரி நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசறேன். 'கார்த்திக், பால் காய்ந்துவிட்டது' அப்படின்னு. அவன் ஒரு மாதிரி பார்க்கறான். ரஞ்ஜனி ஃபோன்ல கேக்கறா, 'ஏம்மா செய்தி வாசிக்கற?'ன்னு" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு.

சரி, சத்தம் ஏன் வேண்டும் என்று கேட்டேன். அது கேட்டதும்தான் மாமி எழுந்து மருமகளுக்குத் தேநீர் போடுகிறாராம். மூன்று தலைமுறையாகக் காபி தவிர எதுவும் கொதிக்காத வீடு. இவள் குடிப்பதோ டார்ஜிலிங் இலையில் பால் சேர்க்காத சா. மாமி ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதலில் டிகாஷன் மாதிரி கருப்பாக வந்ததாம், இப்போது நிறம் சரியாக வருகிறதாம். மூடி போட்டு மேஜையில் வைத்துவிட்டு, தெரியாதது போலப் போய்ப் படுத்துக்கொள்வாராம்.

எனக்குத் தர்மசங்கடம். இருந்தாலும் மெஷின் மௌமிதாவுடையது, அவள் கேட்டது சத்தத்தை நிறுத்தச் சொல்லி. பிளேடு எடுத்து ழ-வின் ஓரத்தை நறுக்கினேன். மூடித் திறந்து போட்டேன். சத்தமே இல்லை. ஸ்வபன்தா கைதட்டினார். மாமி மெஷினைப் பையில் வைத்துக்கொண்டு, முகம் வாடி, என்னிடம் கேட்டார்: "அப்போ நான் எதைக் கேட்டு அடுப்பைப் பத்தவெக்கறது, சொல்லு?"

கிச்சு நா

நவமியன்று வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள மாமி என்னைக் கூப்பிட்டிருந்தார். லேக் கார்டன்ஸ் வீட்டுக்குள் நுழையும்போது வெளியே பந்தலிலிருந்து டாக் மேளச் சத்தம் சுவரை அதிரவைத்தது. கூடத்தில் புத்தகங்களின் நடுவே அந்த மடிக்கணினி, மூடிமேல் சந்தனப் பொட்டோடு. அதற்குள் என் பிளேடு வேலை இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். இல்லை, மாமிக்கும் தெரியும். மௌமிதா சுண்டல் தட்டோடு நின்றாள். அவளைப் பார்க்க எனக்குப் பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது.

ரஞ்ஜனி நடுவில் உட்கார்ந்து அம்மாவை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "ஃபோன் எடுத்தா, 'வணக்கம் ரஞ்ஜனி, நலமா? இன்று கத்திரிக்காய் விலை உயர்ந்துள்ளது'ங்கறா! நான் வானிலை அறிக்கையும் வரும்னு காத்துண்டிருந்தேன்!" யாரும் சிரிக்கத் தொடங்குமுன் மௌமிதா சிரித்துவிட்டாள். கணீரென்று, சரியான இடத்தில். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கார்த்திக் வாய் திறந்தபடி நின்றான். மாமி கன்னத்தில் கைவைத்து ஆச்சரியப்பட்டார். அவ்வளவு மோசமான நடிப்பை நான் பார்த்ததில்லை. ரஞ்ஜனி மெல்ல வங்காளியில் கேட்டாள், "நீ ஏன் சிரித்தாய்?" மௌமிதா அவள் கையில் சுண்டலைக் கொடுத்துவிட்டு, கொஞ்சமும் அவசரப்படாமல், தமிழில் சொன்னாள்: "ஒன்றுமில்லை. சும்மா."

மறுபடியும் வேண்டும்

பூஜை முடிந்து கடை திறந்த முதல் நாளே மௌமிதா வந்தாள். கையில் அதே மெஷின். மறுபடி கத்துகிறதா என்றேன். இல்லை, கத்தவில்லை, அதுதான் சங்கடம் என்றாள். இப்போதெல்லாம் எல்லோர் எதிரிலும் தமிழ் பேசுகிறாளாம். ரஞ்ஜனி ஊருக்குப் போகும்போது கட்டிக்கொண்டு அழுதாளாம், இத்தனை நாள் இவள் எதிரில் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து. ஆனால் சத்தம் நின்ற நாளிலிருந்து விடிகாலையில் மேஜைமேல் தேநீர் இல்லை. மாமியார் எழுவதற்குள் இவளுக்கு ஆபீஸ் வண்டி வந்துவிடுகிறது.

"அது வரைக்கும் நீ என்ன நினைச்சே?" என்றேன்.

"அவர் எனக்கும் முன்பே எழுந்து, மீண்டும் உறங்கிவிடுகிறார் என்று எண்ணினேன். தனக்குப் போடும்போது எனக்கும் வைக்கிறார் என்று. பிறகுதான் நினைவு வந்தது செல்விதி, அவர் தேநீரே அருந்துவதில்லை."

இவ்வளவு தமிழ் பேசுகிறாயே, எனக்குச் சா வேண்டும் அம்மா என்று கேட்டுவிடேன் என்றேன். மௌமிதா தலையை ஆட்டினாள். கேட்டு வாங்கினால் அது வேறு என்றாள். காகிதம் எடுத்து, சுழி தாராளமாக வர, என் கையாலேயே ஒரு பெரிய ழ எழுதினேன். டேப்பை ஓரத்தில் நீட்டிவிட்டு ஒட்டி, மூடி, திறந்து போட்டேன். பீப், பீப், பீப். மௌமிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்வபன்தா மூக்குக் கண்ணாடியை இறக்கி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் ரிட்டயர் ஆகிறேன். தமிழர்கள் கம்ப்யூட்டரை அடுப்பங்கரைக் காலிங் பெல்லாக வைத்துக்கொள்கிறார்கள்."

எங்கள் கடையில் சரிசெய்த மெஷின்கள் மறுவாரமே திரும்பி வந்ததுண்டு. உத்தரவாதம் கொடுத்து நான் பொருத்திய ஒரே கோளாறு மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை.